ஓட்ஸ் மாஸ்டர்

மாஸ்டர் கரண்டியை ஓட்ஸ் சட்டியின் நடுவில் நட்டமாக நிறுத்திக் கையை எடுக்கிறார். கரண்டி சாய்கிறது. சட்டி மறுபடியும் அடுப்புக்குப் போகிறது. கொஞ்ச நேரம் கிளறிய பின் இன்னொரு முறை நிறுத்துகிறார். கரண்டி சற்று யோசித்துவிட்டு, சாப்பாடு முடித்த ஆள் சுவரில் சாய்வதுபோல் விளிம்பில் போய்ச் சாய்கிறது. "இன்னும் பதம் வரலை" என்கிறார், தங்கம் உருக்குகிறவரின் முகத்தோடு. அடுத்த முறை நிற்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு மனைவியைக் கூப்பிடுகிறார்.

"இங்க வா. நிக்குதா? இதுதான் நார்ச்சத்து. வயித்துக்குள்ள போயும் இப்படியே நிக்கும்."

"நின்னுட்டா அப்புறம் எப்படிங்க வெளிய போகும்?" என்கிறாள் அவள், தலையை வாரியபடியே. மழலைப் பள்ளியில் ஆசிரியை. ஒரே சங்கதியைத் தினமும் முதல்முறை கேட்பதுபோல் கேட்கும் பயிற்சி அவளுக்குத் தொழிலில் வந்தது.

"உனக்கு எல்லாமே கிண்டல்" என்று முறைத்துவிட்டு, சுவர் பூசும் பதத்தில் இருக்கும் அந்தக் கஞ்சியை நின்றபடியே சாப்பிடுகிறார். சர்க்கரை கிடையாது. உப்பு கிடையாது. தொட்டுக்கொள்ளத் தியாகம் மட்டும்.

மாஸ்டரின் தொழில் கார் ஓட்டக் கற்றுத்தருவது. அதாவது, பகலெல்லாம் காரில் போவார், ஆனால் ஓட்ட மாட்டார். பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கண்ணாடியும் தனக்கென்று ஒன்று தனியாக மாட்டியிருக்கிறார். அதில் பின்னால் வரும் வண்டிகள் கால் பங்கு தெரியும், அவருடைய மீசை முக்கால் பங்கு தெரியும். எதிரில் ஒரு காகிதம் பறந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவார் என்பதால் பல வருடங்கள் அவருக்குப் 'பிரேக் மாஸ்டர்' என்றுதான் பெயர். 'ஓட்ஸ் மாஸ்டர்' என்ற பட்டம் பின்னால் வந்தது. இரண்டையும் மாணவர்கள்தான் கொடுத்தார்கள். இரண்டையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

உபதேசம் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல மேடை உலகத்தில் கிடையாது. கேட்கிறவரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இரண்டு காலும் பெடலில், உயிர் தொண்டையில். எழுந்து போக முடியாது. திரும்பிப் பார்த்துக் கொட்டாவி விட முடியாது. ரவுண்டானாவில் நாலா பக்கமும் வண்டி சீறிக்கொண்டு வரும்போது, ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து கல்லீரலைப் பற்றிப் பேசினால், "ஆமா சார்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

"இப்ப பாருங்க, ரத்தக்குழாய்தான் ரோடு. நல்ல கொலஸ்ட்ரால் போக்குவரத்து போலீஸ் மாதிரி. கெட்ட கொலஸ்ட்ரால் யாரு? நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு போன் பேசறான் பாருங்க, அவன். கிளட்ச், கிளட்ச்! மெதுவா விடுங்க. ஓட்ஸ்ல இருக்கற நார்ச்சத்து என்ன பண்ணும்? தண்ணிய இழுத்துக்கிட்டு பசை மாதிரி ஆயிடும். இழுவை வண்டி மாதிரி, பித்தத்த அப்படியே கட்டி இழுத்துட்டுப் போயிடும். பித்தம் போயிடுச்சா? கல்லீரல் முழிக்கும். புதுசா பித்தம் செய்யணும்னா சரக்கு வேணும். சரக்கு எது? ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ரால்! அத எடுத்துக்கும். அவ்ளோதான், ரோடு காலி. இண்டிகேட்டர் போடுங்க, யாரு போடுவா?"

இதில் தவறு ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள்.

மாஸ்டருக்கு இந்த ஞானம் வந்த கதை சுருக்கமானது. உரிமம் புதுப்பிக்க உடற்சோதனை வேண்டும் என்றார்கள். ரத்தம் கொடுத்தார். கெட்ட கொலஸ்ட்ரால் வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இளம் மருத்துவர் ஒருத்தி, பொறுமைசாலி, அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களுக்கு இப்பவே மாத்திரை வேண்டாம். மொதல்ல நடங்க. வெண்ணெய், பொரிச்சது எல்லாம் குறைங்க. எடையைக் குறைங்க. தினமும் ஓட்ஸ் மாதிரி நார்ச்சத்து உள்ளதைச் சேத்துக்கிட்டா அதுவும் கொஞ்சம் குறைக்கும். சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

நாலு காரியம் சொன்னாள். நாலில் எது வாயில் போட்டு விழுங்கக்கூடியதோ அதை மட்டும் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். 'கொஞ்சம்' என்ற சொல்லை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

சில மாதம் கழித்துப் பார்த்தபோது உண்மையிலேயே குறைந்திருந்தது. அந்த இடைவெளியில் மனைவி வெண்ணெய் பிஸ்கட் டப்பாவைத் துணி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்திருந்தாள். பயிற்சிக் காரின் கிளட்ச் தட்டு தேய்ந்து வண்டி பட்டறையில் கிடந்ததால், உதிரிப் பாகம் வரும்வரை மாஸ்டர் எங்கே போனாலும் நடந்தே போய் நடந்தே வந்தார். ஆனால் டப்பாவுக்கும் கிளட்ச் தட்டுக்கும் யார் மாலை போடுவார்கள்? முழுப் புகழும் ஓட்ஸுக்கே போயிற்று. ஓட்ஸ் மூலமாக அவருக்கு.

அன்றிலிருந்து அவர் பார்வையே மாறிவிட்டது. எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொப்பையைப் பார்ப்பார். பெட்ரோல் போடுகிறவனிடம், "உனக்கு எவ்ளோ?" என்பார். அவன் மீட்டரைப் பார்ப்பான். "அது இல்லப்பா, கொலஸ்ட்ரால்" என்பார். பட்டறைக்காரர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர், உரிம அலுவலகத்து வாசலில் புகைப்படம் எடுக்கிறவர் என்று ஒருவரும் தப்பவில்லை. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் ஓட்ஸ் பொட்டலத்தோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் போனில் கேட்பதோடு சரி.

மாஸ்டரின் தத்துவத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் உள்ளே போய்விட்டால் அதற்குப் பிறகு உள்ளே போவதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. பேக்கரி வாசலில் மாணவரை வண்டி நிறுத்தப் பழக்குவார். வண்டி நிற்கும். மாஸ்டர் இறங்குவார். கையில் வெண்ணெய் வழியும் கேக்கோடு திரும்பி வருவார். மாணவர் பார்வையிலேயே கேட்டுவிட்டால், "காலையில இழுவை வண்டிய உள்ள அனுப்பியாச்சு. அது பாத்துக்கும்" என்று சொல்லி, விரலைச் சப்பிவிட்டு, "ரிவர்ஸ் எடுங்க" என்பார்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள்தான். மச்சான் விஷயம் அப்படி இல்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பேருந்து நிலையத்துக்கு எதிரில், ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடும் சாவிக்கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. பூட்டின் காதில் கம்பியை விட்டுக் கேட்டுக் கேட்டே பழகியவர், மனிதர்கள் பேசும்போதும் அப்படியே தலையைச் சாய்த்துக் கேட்பார். மாஸ்டருக்கு அவரை மிகவும் பிடிக்கும். இந்தப் பரந்த உலகத்தில் மாஸ்டர் பேசப் பேச, கையில் ஸ்டியரிங் இல்லாமலே, கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மச்சானுக்கும் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் அது வேறு ரகம். அவருடைய அப்பா மாரடைப்பில் போனவர். மச்சானுக்கே முன்பொரு முறை மாடியேறும்போது மூச்சு முட்டி, சோதித்துப் பார்த்ததில் ரத்தக்குழாயில் லேசான அடைப்பு இருப்பது தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவியும் மாஸ்டர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்தது. பெண்கள் இருவரும் பாத்திரம் ஒழித்துப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நாள்பூரா நின்னா கால் குடையுது மாப்ளே. இந்த மாத்திரையாலயும் அப்படி வரும்னு யாரோ சொன்னாங்க" என்றார்.

பசித்த புலிக்கு எதிரில் ஆடு தானாக வந்து நின்று, "நான் இளைத்திருக்கிறேனா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரை எதுக்கு மச்சான்? எனக்கு எவ்ளோ இருந்துச்சு, இப்ப எவ்ளோ இருக்கு, கேளுங்க உங்க தங்கச்சிய. ஒரு மாத்திரை? ஒரு ஊசி? எல்லாம் ஓட்ஸ். மாத்திரைங்கறது என்ன, வெளியாள். உள்ள வந்து மிரட்டி வேலை வாங்குவான். அதான் கால் குடையுது. ஓட்ஸ் நம்ம ஆள். தன்னால வேலை செய்யும்."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றாள் மாஸ்டரின் மனைவி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து. பக்கத்தில் குழாயடியில் நின்ற அண்ணிக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

"டாக்டரே எனக்குச் சொன்னதுதான்" என்றார் மாஸ்டர்.

அதுவும் பொய் இல்லை. அவருக்குச் சொன்னதுதான்.

அன்று மாலை மச்சான் கிளம்பும்போது பெரிய ஓட்ஸ் பொட்டலம் ஒன்றும், கரண்டி நிற்கும் பதத்தைப் பற்றிய செய்முறை விளக்கமும் அவரோடு போயின. அவர் ஓட்ஸைத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்தினார். மனைவியிடம் சொல்லவில்லை, அவள் கத்துவாள் என்று. சில நாளில் கால் குடைச்சல் குறைந்தது. "சொன்னேன்ல?" என்றார் மாஸ்டர் போனில். அதற்குப் பின் வந்த மாதங்களில் தன் மாணவர்கள் எல்லோருக்கும், மேம்பாலம் ஏறும்போது, மச்சானின் கதையை உதாரணமாகச் சொன்னார்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். மாஸ்டர் பேராசைக்காரர் அல்ல. ஒருவரோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார்.

போன் வந்தபோது காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். பயந்த சுபாவம். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள், போட்டதில்லை. மாஸ்டர் அவளுக்கு ஓட்ஸை இரவே ஊறவைப்பது நல்லதா, காலையில் வேகவைப்பது நல்லதா என்று விளக்கிக்கொண்டிருந்தார். போனை எடுத்தார்.

"ஏங்க, அண்ணனுக்கு நெஞ்சு வலி. கடையிலயே சாஞ்சுட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நான் ஆட்டோவுல போயிட்டிருக்கேன். நீங்க நேரா வந்துடுங்க."

அவர் போனை மடியில் வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"சார்? என்ன சார்? ஓரமா நிறுத்தட்டுமா? நீங்க ஓட்டுறீங்களா?" என்றாள் அவள்.

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். அவை இரண்டும் சீட் பெல்ட்டைப் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. பிறருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கைகள். "நீங்களே போங்க. பெரிய ஆஸ்பத்திரி" என்றார். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

அவள் போனாள். ரவுண்டானாவைச் சுற்றினாள். மேம்பாலம் ஏறினாள். மூன்றாவது கியர் போட்டாள். ஒரு லாரியை முந்தினாள், முந்திய பிறகுதான் அது லாரி என்று அவளுக்கே உறைத்தது. பக்கத்து இருக்கையிலிருந்து கிளட்ச் என்ற குரல் இல்லை, இண்டிகேட்டர் என்ற அதட்டல் இல்லை, பித்தம் இல்லை, கல்லீரல் இல்லை. பிரேக் மாஸ்டரின் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை. அவர் வாயைத் திறக்காத அந்த ஒரே பாடத்தில்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று பிறகு வங்கியில் எல்லோரிடமும் சொன்னாளாம். மாஸ்டருக்கு அது தெரியாது. தெரிந்தால் தன் கற்பிக்கும் முறைக்குக் கிடைத்த சான்றிதழ் என்பார்.

அந்தப் பயணத்தில் அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. மச்சான் கால் குடைச்சல் நின்றுவிட்டது என்று சொன்ன அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்றார். இதுவரை அப்படி ஒரு வார்த்தையை மாஸ்டரிடம் யாரும் சொன்னதில்லை. அது எவ்வளவு இனித்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அதை இழுத்துப்போக இழுவை வண்டி எதுவும் வரவில்லை.

மச்சான் பிழைத்தார். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குழாய் விட்டு அடைப்பை விலக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். வெளுத்த போர்வைக்குள் மச்சான் பாதி ஆளாகத் தெரிந்தார். கட்டிலின் தலைமாட்டில் அவர் மனைவி, பக்கத்தில் தங்கை. மாஸ்டர் கால்மாட்டில், கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுற்றி வந்த இதய மருத்துவர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் புரட்டினார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"தினமும் சாப்பிடுவார் டாக்டர், மறக்கவே மாட்டார்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

மச்சான் கூரையைப் பார்த்தார். "நிறுத்திட்டேன்" என்றார்.

அவள் கை வாய்க்குப் போயிற்று.

"யார் நிறுத்தச் சொன்னது?" என்றார் மருத்துவர்.

மாஸ்டர் இரும்புச் சட்டத்தில் உரிந்திருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டினார்.

"யாரும் சொல்லலை. கால் குடைஞ்சுது. நானாத்தான் நிறுத்தினேன். ஓட்ஸ் சாப்பிட்டேன்" என்றார் மச்சான்.

மருத்துவர் கோபப்படவில்லை. தினமும் ஒருவராவது இப்படி வருகிறார் என்கிற அலுப்புத்தான் அவர் முகத்தில் இருந்தது. "ஓட்ஸ் நல்லதுதாங்க. சாப்பிடுங்க. மாத்திரையோட சாப்பிடுங்க. மாத்திரைக்குப் பதிலா இல்ல. கால் வலிச்சா வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்போம்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாடம் முடிந்தது. ஒருவன் மாதக்கணக்கில் ஊரெல்லாம் பிரசங்கம் செய்ததை அவர் மூச்சுவிடும் நேரத்தில் திருத்திவிட்டார், அதுவும் இழுவை வண்டியின் துணை இல்லாமல்.

மாஸ்டர் அங்கேயே தலை குனிந்து திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. சற்று நேரத்தில் தாழ்வாரத்தில் உறவினர் கூடிவிட்டார்கள். மச்சான் மனைவியின் சித்தப்பா ஒருவர், துக்க வீட்டுக்கென்றே அளவெடுத்த குரலோடு வந்து, "எப்படிப்பா ஆச்சு?" என்று விசாரித்தார். கேள்வி கேட்கப்பட்டதும் மாஸ்டருக்குள் ஏதோ ஒன்று பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அடைப்புங்க. நல்லவேளை, இத்தனை மாசமா ஓட்ஸ் சாப்பிட்டுட்டு வந்தார். இல்லன்னா..." என்று கையை விரித்தார். "இந்த மட்டோட போச்சுன்னு நெனைச்சுக்கணும்."

சித்தப்பா தலையாட்டினார். மாஸ்டர் திரும்பினார். பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் அண்ணனுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு. பாட்டிலின் மூடியை இறுக்கினாள், ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஓட்டினார். அவள் பக்கத்து இருக்கையில், அவருடைய இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி போன பிறகு கேட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"என்னத்த?"

"மாத்திரை எதுக்குன்னு."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் என்ன சின்னப் புள்ளையா, சொன்னதும் நிறுத்துறதுக்கு?"

"சின்னப் புள்ளைங்க சொன்னா கேக்காதுங்க. நான் தினமும் பாக்கறேன்" என்றாள் அவள். "எங்கண்ணன் கேட்டார். உங்க மேல அவருக்கு அவ்ளோ மதிப்பு. உள்ள கெடந்துக்கிட்டும் உங்களைக் காட்டிக்கொடுக்கலை. நீங்க வெளிய நின்னு ஓட்ஸ் காப்பாத்துச்சுங்கறீங்க."

அடுத்த சிக்னலில் வண்டி அணைந்துபோயிற்று. இருபது வருடமாகப் பிறருக்கு அரைக் கிளட்ச் சொல்லிக்கொடுப்பவர், கிளட்ச்சை மிதிக்க மறந்துவிட்டார். பின்னால் வண்டிகள் கத்தின. அவர் சாவியைத் திருகினார், வண்டி கிளம்பவில்லை, மறுபடி திருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது" என்றார். மேகம் கவிந்த சாயங்காலம் அது.

அதற்குப் பிறகு மாஸ்டர் காலையில் ஓட்ஸ் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அது நல்லதுதானே, ஏன் நிறுத்த வேண்டும்? ஆனால் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. கரண்டி நின்றதா சாய்ந்ததா என்று வீட்டில் யாருக்கும் தகவல் வருவதில்லை. அந்த இளம் மருத்துவர் சொன்ன மிச்ச மூன்று காரியங்களில் நடையைத் தொடங்கியிருக்கிறார். பேக்கரி வாசலில் வண்டி நிறுத்தும் பயிற்சி நூலக வாசலுக்கு மாறிவிட்டது. மாணவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காரில் இப்போது கார் ஓட்டுவதை மட்டும் சொல்லித்தருகிறார் என்று புகார்.

போன வாரம் ஒரு மாணவன், கல்யாணம் நிச்சயமானவன், சும்மா இருக்க முடியாமல் கேட்டான். "சார், எங்கப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் ஜாஸ்தியாம். ஓட்ஸ் கொடுக்கலாமா? நீங்க அதுல பெரிய ஆளுன்னு சொன்னாங்க."

மாஸ்டரின் மார்பு பழைய அளவுக்கு விரிந்தது. மூச்சு உள்ளே போயிற்று. இழுவை வண்டி, பித்தம், கல்லீரல் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. பிறகு மூச்சு வெறுமனே வெளியே வந்தது.

"டாக்டர கேளுங்க. என்ன மாத்திரை குடுத்திருக்காரோ அத நிறுத்தாதீங்க. முன்னாடி பாருங்க, சைக்கிள் வருது."

மச்சான் இன்னும் கடைக்குப் போகத் தொடங்கவில்லை. முதல் மாணவர் வருவதற்கு முன்னால் மாஸ்டர் தினமும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். தலையில் 'பழகுநர்' பலகையோடு அந்தக் கார் வாசலில் நிற்பதைப் பார்த்து, மச்சான் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று தெருவில் பேச்சு. யாரும் மறுக்கவில்லை. முதல் சில நாள் மாஸ்டர் ஏதோ சொல்ல வந்து, கட்டில் விரிப்பை நீவிவிட்டு, சொல்லாமலே திரும்பினார். ஒருநாள் மச்சானே முடித்துவைத்தார்.

"விடுங்க மாப்ளே. கேழ்வரகுல நெய் வடியுதுன்னு நீங்க சொன்னீங்க. கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு? எனக்குக் கால் குடைச்சல் நின்னாப் போதும்னு இருந்துச்சு. நீங்க சொல்லாட்டி இன்னொருத்தன் சொல்றதக் கேட்டிருப்பேன்."

"இன்னொருத்தன் சொல்லலையே மச்சான். நான்தானே சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் அளவில் அது மிகச் சிறிய பேச்சு.

நேற்றுக் காலையும் போயிருந்தார். மச்சானின் மனைவி ஒரு கிண்ணத்தில் ஓட்ஸ் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் அதைப் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். கால் வலிக்காத புதிய மாத்திரை. தண்ணீர் டம்ளரை நீட்டினார். மச்சான் விழுங்கினார். மாஸ்டர் நகரவில்லை. தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிடுச்சு மாப்ளே, நம்புங்க" என்று சொல்லி, மச்சான் வேடிக்கைக்கு வாயை அகலமாகத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினார். வாசற்படியில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து விளக்கைப் போட்டார். கட்டிலருகில் முழங்காலை ஊன்றிக் குனிந்தார். "நாக்கைத் தூக்குங்க மச்சான்" என்றார்.